மன்னார்ச் சலாபமும் நடைவழியும்

வரலாற்றினைக் கற்போர் பெரும்பாலும் அரசர், போர், உடன்படிக்கை என்பவற்றிலேயே கருத்தூன்றுவர். ஓர் அரசு ஒரு கருமத்தை எங்ஙனம் திட்டமிட்டது, அத்திட்டத்தை வகுத்த காலத்து எவருடைய கண்கொண்டு அதனை நோக்கியது என்னும் வினாக்கள் அவர்தம் ஆராய்ச்சியில் அருகியே இடம்பெறுகின்றன. இவ்வினாக்களை எழுப்புதற்கு மன்னார்த் தீவையும் அதன் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என நீளும் கரையையும்போல ஏற்ற நிலம் ஈழத்தில் வேறில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முட்புதரும் உப்புக் காற்றுமாய்க் கிடந்த இக்கரையிலே, பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இருபெரும் மக்கட் கூட்டங்கள் வந்திறங்கின. ஒன்று முத்துக்குளிக்க வந்தது. மற்றையது மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்து செல்ல வந்தது. ஒரே அரசு இவ்விரண்டினையும் நடத்திய விதத்தை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புநோக்குவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நம் காலத்துக் கைத்தொழில் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். கணினி மென்பொருள் ஆக்குவோரிடையே 'யூசர் ஸ்டோரி மப்பிங்' என்றொரு திட்டமுறை இன்று பரவியுள்ளது. பயனர் கதை வரைபடம் என அதனைத் தமிழிற் கூறலாம். அமெரிக்கரான ஜெப் பற்றன் என்பார் 2005ஆம் ஆண்டில் இம்முறையைக் கட்டுரையாக எழுதினார். 2014இல் அதனை நூலாகவும் விரித்தார். ஒரு பொருளை ஆக்க முற்படுவோர் அதில் அமையவேண்டிய கூறுகளையெல்லாம் ஒரு நீண்ட பட்டியலாக எழுதி, எதனை முதலிற் செய்வது என்று தமக்குள் வாதாடுவது வழக்கம். பற்றனோ பட்டியலை விடுத்துக் கதையைக் கேட்கச் சொன்னார். இப்பொருளைக் கையாளப்போகும் ஆள் யார்? அவர் தொடக்கத்தில் என் செய்வார், அடுத்து என் செய்வார், ஈற்றில் எங்கே சென்று சேர்வார்? இப்படிகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிச் சுவரிலே இடமிருந்து வலமாக ஒட்டுவர். ஒவ்வொரு படிக்குக் கீழும் அப்படியில் அவருக்கு வேண்டுவன இன்றியமையாதது மேலும் ஆடம்பரம் கீழுமாக அடுக்கப்படும். பின்னர்க் குறுக்கே ஒரு கோடு இழுப்பர். கோட்டுக்கு மேலுள்ளவற்றை மட்டும் ஆக்கினாலும், சிறிதாயினும் முழுதான ஒரு பயணம் அவருக்குக் கிட்டவேண்டும் என்பதே அதன் விதி. எந்தப் படியின் கீழ் ஒன்றும் எழுதப்படவில்லையோ அங்கே சுவர் வெறுமையாய்த் தோன்றும். அவ்வெறுமையைக் கண்ணாற் காணச் செய்வதே இம்முறையின் பெரும்பயன் என்பேன்.

பெயர் புதிது, செயல் புதிதன்று. மரிச்சுக்கட்டியிலே கிடுகாலும் கம்பாலும் அது செய்யப்பட்டது.

சலாபம் என்னும் சொல்லை இன்றைய மாணவர் கேட்டிரார். முத்துக்குளிப்பையும் அது நிகழும் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே சுட்டும் சொல் அது. மன்னார்க் குடாவில் ஐந்து முதற் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள கடற்றரையிற் சிப்பிகள் படிந்து வாழும் திட்டுகளைப் பார் என்பர். செவல் பார், பெரிய பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் பேர்பெற்றவை. வாடைப் பருவம் ஓய்ந்து சோளகம் எழுவதற்கு இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களிலேயே அங்குக் கடல் தெளிந்து அடங்கியிருக்கும். ஆகையாற் சலாபம் ஆண்டிற் சில கிழமைகளுக்கு மேல் நீடிப்பதில்லை. சிப்பி விளையாத ஆண்டுகளில் நிகழ்வதுமில்லை. ஆயின் நிகழும் ஆண்டில் அங்கே ஒரு நகரம் எழும். 1905ஆம் ஆண்டு, மிகப் பெரிய சலாபங்களுள் ஒன்று நடைபெற்றபோது, மரிச்சுக்கட்டியின் வெறுமணலிலே பல்லாயிரவர் குடியேறினர். முந்நூற்றுக்கு மேற்பட்ட தோணிகள் கடலுக்குச் சென்றன. ஏறக்குறைய ஐயாயிரம் குளியாளர் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசுக்குக் கிடைத்த தொகை 25 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. கிழமைகள் சில கழிய அந்நகரம் மறைந்தது. கம்புகளும் சிப்பி ஓடுகளுமே எஞ்சின.

இத்தகைய நகரத்தை எங்ஙனம் திட்டமிடுவது? கோட்டை கட்டுவதைப்போலச் சுவரிலிருந்து தொடங்க இயலாது. வருபவன் என்ன செய்வான் என்பதிலிருந்தே தொடங்கவேண்டும். பல சலாபங்களின் பட்டறிவால் அலுவலர் இதனை உணர்ந்திருந்தனர். குளியாளன் ஒருவனின் பயணத்தை அவர்களுடைய ஏற்பாடுகளின் வழியே நாம் தொடர்ந்து சென்றால், சுவரில் ஒட்டிய அட்டைகள் போலவே படிகள் வரிசையாக வந்து நிற்பதைக் காணலாம்.

அவன் கீழக்கரையினன், அல்லது தூத்துக்குடிப் பரதவன், அல்லது பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியன். சலாபம் நிகழும் என்னும் செய்தி அவனுக்கு உரிய காலத்திற் சேரவேண்டும். ஆதலின் அரசினர் முன்கூட்டியே விளம்பரம் செய்து சலாபத்தின் நாளையும் இடத்தையும் அறிவித்தனர். வந்திறங்கியவனுக்கு உறைவிடம் வேண்டும். ஓலைக் கொட்டில்கள் தெருத்தெருவாக நிரைப்படுத்தப்பட்டன. குடிநீர் வேண்டும். நோய் வந்தால் மருத்துவமனை வேண்டும். நோய் வாராதிருக்கக் காவலும் வேண்டும். இந்நெரிசலில் வாந்திபேதி தோன்றிவிட்டாற் கூட்டம் ஒரே இரவிற் கலைந்துவிடும் என்பதை அலுவலர் நன்கறிவர். வழக்கு எழுந்தால் நீதிமன்று, களவு நிகழ்ந்தாற் சிறை, ஊருக்குச் செய்தி அனுப்பத் தபாலும் தந்தியும் எல்லாம் அம்மணலில் இருந்தன.

குளிநாளின் ஒழுங்கும் இவ்வாறே அமைந்தது. நள்ளிரவை அண்டி நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றிலே தோணிகள் பாய்விரித்துப் புறப்படும். விடியும்போது பாரை அடைந்திருக்கும். குறியீட்டின் பின்னரே குளிப்புத் தொடங்கும்; நண்பகலளவில் மறுகுறியீட்டுடன் நிற்கும். அப்போது கடலிலிருந்து கரைநோக்கிக் காற்றுத் திரும்பியிருக்கும். அதே பாய் அவர்களைக் கரைசேர்க்கும். ஞாயிற்றுக்கிழமைகளிற் குளிப்பு இல்லை. வினைஞரின் நேரத்தைக் கடிகாரத்தின்மேல் நிறுத்தாது காற்றின்மேலும் மூச்சின்மேலும் நிறுத்திய இவ்வொழுங்கை நோக்கும்போது, அதை வகுத்தவர் கச்சேரி மேசையில் இருந்தவாறே வகுத்திலர், கரையில் நின்று கண்டே வகுத்தனர் என்று கொள்ளத் தோன்றுகிறது. தோணியில் அவனுடன் ஏறுபவர் யாவர் என்பதும் வரையறையுற்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கரையை நேரிற் கண்டு 1807இல் நூல் வெளியிட்ட கோர்டினர் பாதிரியார் காலத்தில், தோணி ஒன்றிற் பத்துக் குளியாளர் சென்றனர். குளிகல் ஒன்றுக்கு இருவர். ஒருவர் மூழ்க மற்றவர் மூச்சுவாங்குவார். மேலே கயிறு பிடிப்போர் தனியே இருந்தனர். மூழ்கியவன் கயிற்றை அசைத்ததும் அவனை மேலிழுப்பது அவர் கடன். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் அக்கடனில் ஓர் உயிர் தங்கியிருந்தது.

இனி, இவ்வரைபடத்தில் என்னை மிகவும் கவர்ந்த அட்டை ஒன்றைக் கூறவேண்டும். அது கடற்கட்டி என்பவருடையது. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் வல்லவர் என்று குளியாளர் அவரை நம்பினர். இவ்வழக்கம் மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில் இக்கடல்வழியாகச் சென்ற மார்க்கோ போலோவும், மீன்களைக் கட்டுதற்கு மந்திரவாதியர் சிப்பியில் இருபதிலொரு பங்கு பெற்றதைக் குறிப்பிடுகிறார். பிரித்தானிய அலுவலர்க்கு இம்மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. எனினும் 1859இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் தெனன்ற், அவர் காலத்திலும் கடற்கட்டிக்கு அரசே ஊதியம் கொடுத்துவந்ததைக் கூறுகின்றார். காரணம் எளியது: கடற்கட்டி கரையில் இல்லையெனிற் குளியாளன் நீரில் இறங்கான். அவன் அச்சமும் அவன் கதையின் ஒரு படியே. அதன்கீழ் ஒன்றை வையாது விட்டால் அடுத்த படிக்கு அவன் செல்லமாட்டான். தமக்கு மூடநம்பிக்கையாய்த் தோன்றியதை அவனுக்குத் தேவையென ஏற்றுச் செலவுக்கணக்கில் எழுதிய அவ்வலுவலரின் செயலைக் காட்டிலும், பயன்கொள்வோரின் பக்கம் நின்று திட்டமிடுதற்கு வேறொரு சான்று தேடவேண்டியதில்லை.

தோணி கரைசேர்ந்ததும் சிப்பிகள் கொட்டு எனப்பட்ட வேலியடைப்புக்குட் கொண்டுவரப்படும். அங்கே நிகழ்ந்த பங்கீடு நுட்பமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு தோணிக்காரருக்கும் உரியன. எண்ணிக் கொடுப்பதாயின் பல இலட்சம் சிப்பிகளுக்கு எத்தனை எண்ணுவோர் வேண்டும், எத்தனை பிணக்குகள் எழும்! ஆகவே குளியாளரே தம் சிப்பிகளை மூன்று குவியல்களாகக் குவிப்பர். அவற்றுள் அவருக்குரிய ஒன்று எது என்பதை அலுவலர் சுட்டுவார். எக்குவியல் தமக்கு வரும் என அறியாமையால் மூன்றையும் சமமாகக் குவிப்பதே குளியாளருக்கு நன்மை. வீட்டிலே தம்பி பிட்டைப் பகிர அண்ணன் முதலிற் பங்கெடுக்கும் முறையே இது. தம் பங்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கொட்டின் வாயிலைக் கடந்ததும், ஓரிரு சிப்பியேனும் வாங்கி நல்லூழைச் சோதிக்க வெளியே ஒரு கூட்டம் காத்து நிற்கும்.

அரசின் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். இங்கே கதையின் நாயகன் மாறுகின்றான். செட்டியார், கீழக்கரை மரைக்காயர் முதலிய வணிகரின் வரைபடம் தொடங்குகின்றது. அவர் வாங்கிய சிப்பியை உடனே உடைத்துப் பார்ப்பதில்லை. பல நாள் அழுகவிட்டு, ஈயும் புழுவும் தின்றபின் கடல்நீரிற் கழுவி, அடியிற் படியும் மணலோடு முத்தைப் பொறுக்குவர். நாற்றம் காற்றுவழி நெடுந்தொலைவு செல்லும். 1906ஆம் ஆண்டுச் சலாபத்திற் பணிபுரிந்த இளம் அலுவலராகிய லெனாட் வுல்ப், பின்னாளில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்றுத் தம் தன்வரலாற்றில் அச்சலாபத்தை விரித்துரைத்துள்ளார். ஆர்வமுள்ள மாணவர் அதனைத் தேடிக் கற்பாராக. கழுவிய முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகள் பத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அரித்துப் பருமன் வகுப்பர்; பின்னர் ஆணி, அணதாரி, களிப்பு, குறல், தூள் என வடிவும் ஒளியும் நோக்கித் தரம் பிரிப்பர். கழுவுமிடத்தைக் குடியிருப்பிலிருந்து விலக்கி அமைப்பது நாற்றத்தை விலக்குதற்கு மட்டுமன்று, களவைக் காப்பதற்குமாம்.

குறுக்கே இழுக்கும் கோடு என்று மேலே கூறினேன். சலாபத்துக்கும் அக்கோடு உண்டு. முந்திய ஆண்டின் கார்த்திகை அளவிற் பார்களைப் பார்வையிடும் அலுவலர் கடலிற் சென்று, ஒரு சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பிப்பார். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வல்லுநரைக் கொண்டு மதிப்பிடுவர். குளிப்பு, அழுகல், கழுவல், தரம்பிரித்தல், விலை என முழுக்கதையும் சிற்றளவில் ஒருமுறை நடந்தேறும். மதிப்புப் போதியதாயின் சலாபம் அறிவிக்கப்படும். இன்றேற் பார்களுக்கு ஓய்வு. ஒரு கொட்டில் கட்டுமுன்னர், ஒரு தோணியை அழைக்குமுன்னர் இது முடிந்துவிடும். இன்றைய மென்பொருளாளர் பெருமையோடு பேசும் முதற்சோதனை இதனின் வேறன்று.

இவ்வளவும் கூறியதால் சலாபம் குறையற்றதென எவரும் கொள்ளற்க. பிரித்தானியர் இக்கரையைக் கைப்பற்றிய தொடக்கத்திற் குத்தகைமுறையே மேலோங்கியிருந்தது. குத்தகைக்காரனுக்கு அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலையில்லை. 1798இல் ஏறக்குறைய 1,92,000 பவுண் வருவாய் வந்தது. அடுத்துப் பார்கள் வறண்டன. தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்தற்கென அரிப்பிலே கட்டுவித்த மாளிகை இன்று கடலரிப்பால் இடிந்து நிற்கின்றது. 1837இன் பின் 1855வரை சலாபமே நிகழவில்லை; 1891இன் பின் 1903வரையும் அவ்வாறே. இந்த இரண்டாம் இடைவெளியின்போது லிவர்ப்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் கரையிலே தங்கிச் சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1906இல் ஒரு கம்பனிக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகையில் 20 ஆண்டுக் குத்தகை கொடுக்கப்பட்டது. 1907க்குப் பின் குளிப்பதற்குச் சிப்பி இல்லை, கம்பனி கலைந்தது. மனிதருக்கு வரைபடம் வரைந்தோர், நான்கைந்து ஆண்டு கடலடியில் வாழ்ந்து முதிரவேண்டிய சிப்பியின் கதையைப் பிந்தியே கேட்டனர். ஆயினும் குளியாளனைப் பொறுத்தமட்டில் அவர்தம் திட்டம் குறைகூறற்கரியது என்றே கருதுகின்றேன்.

இனி இதே கரையின் மற்றைக் கூட்டத்தை நோக்குவோம்.

1820ஆம் ஆண்டுகளில் மலைநாட்டிற் கோப்பிப் பயிர் தொடங்கி, அடுத்த இருபதாண்டிற் காடுகளெல்லாம் தோட்டங்களாயின. உழைப்புக்குத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடிகளைக் கங்காணிமார் அழைத்துவந்தனர். இராமேசுவரம், பாம்பன், தேவிபட்டினம் பக்கத்திலிருந்து சிறுதோணிகளில் ஏறித் தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு என்னும் இறங்குதுறைகளில் அவர்கள் வந்திறங்கினர். அங்கிருந்து மன்னார்ப் பெருநிலத்தின் காட்டூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள, நாலந்த எனக் கடந்து மாத்தளையை அடையவேண்டும். ஏறத்தாழ 150 மைல். வண்டியில்லை, நடை.

இப்பயணத்தையும் சுவரில் ஒட்டிப் பார்ப்போம். ஊரிற் கங்காணியிடம் முன்பணம் பெறுதல், கரைக்கு நடத்தல், தோணி, இறங்குதுறை, முதல்நாட் காட்டுவழி, இரண்டாம் நாள், மூன்றாம் நாள். ஒவ்வொன்றின் கீழும் என்ன எழுதுவது? முன்பணத்தின் கீழ்க் கடன் என எழுதலாம். தோணியின் கீழ்க் கட்டணம். அதன்பின் சுவர் வெறுமையாகிறது. நீர்? கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டின் பிற்பகுதியாதலால், ஆடி ஆவணி மாதங்களிலே, வன்னிப் பெருநிலத்துக் குளங்கள் வற்றிக் கிடக்கும் காலத்திலேயே அவர்கள் நடக்கவேண்டியிருந்தது. சலாபத்தின் காலத்தைக் காற்று நிச்சயித்தது. இவர்களுடைய காலத்தை மலையிலுள்ள செடி நிச்சயித்தது. உறைவிடம்? மரநிழல். நோய் கண்டால்? கூட்டத்தினின்று பின்தங்குதல், பின்தங்கியவர்க்குக் காடே முடிவு. காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் அவ்வழியெங்கும் பிணங்களை விட்டுச் சென்றன. 1840ஆம் ஆண்டுகளில் இறந்தோர் தொகை பற்றி ஆய்வாளர் மாறுபடுவர். அது ஆயிரக்கணக்கினது என்பதில் மாறுபடார்.

அரசுக்கு இதனை நிருவகிக்கும் ஆற்றல் இல்லை என்று கூறவொண்ணாது. அதே கரை, அதே வட மாகாண நிருவாகம். 1869 முதல் 1896வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராயிருந்து சலாபங்களை மேற்பார்த்த துவைனம் அவர்களின் ஆட்சி எல்லைக்குள்ளேயே இந்நடைவழியின் வாயிலும் இருந்தது. பல்லாயிரவரை வெறுமணலில் வாரக்கணக்காகக் காப்பாற்றக் கற்றிருந்த அரசுக்கு, ஒருநாள் நடைக்கு ஒரு கிணறும் ஒரு கொட்டிலும் அமைப்பது அருமையன்று. இரக்கமற்றவர் என்று அலுவலரைத் தூற்றிவிட்டு அமைவதாலும் விளக்கம் கிடையாது; அவருட் சிலர் இத்துயரைக் கண்டு மனம் நொந்ததுண்டு.

வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. குளியாளன் வாராதிருக்க வல்லவன். அவன் பெறுவது கூலியன்று, பங்கு. அவன் மனம் சலித்து மூட்டையைக் கட்டினால் அரசின் வருவாய் அன்றே நின்றுவிடும். ஆகவே அவன் அச்சத்துக்கும் ஊதியம் கொடுத்தனர். நடைவழியிற் சென்றவனோ முன்பணக் கடனிற் கட்டுண்டவன். பின்னே பஞ்சம், முன்னே காடு. அவன் வழியிற் பட்டதைத் தோட்டத் துரை காணான். துரைக்கு வேண்டியது குறித்த நாளிற் குறித்த தொகைக் கைகள். அரசின் செவியில் விழுந்த கதையும் துரையின் கதையே: தொழிலாளர் பற்றாது, தெரு நன்றன்று, கோப்பி மரத்தில் உதிர்கிறது. வரைபடத்திற் பயனராக நின்றவன் தோட்டத்துரை. நடந்தவன் அவனுக்குக் கொண்டுவரப்படும் சரக்கு. இன்றைய திட்டக்காரரும் பணம் தருவோரையும் பயன்கொள்வோரையும் ஒருவரெனக் கொண்டு இடர்ப்படுவதுண்டு. அங்கே ஒரு மென்பொருள் பயன்படாது போகும். இங்கே மனிதர் இறந்தனர்.

பின்னர்ச் சில அட்டைகள் நிரம்பின. 1858இல், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், வருந்தொழிலாளர் பொருட்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டு ஆணைக்குழுவும் நியமிக்கப்பட்டது. வழியிற் கொட்டில்களும் கிணறுகளும் மருத்துவச் சாலைகளும் காலப்போக்கில் தோன்றின. ஆயினும் அவை பெரும்பாலும் ஓரிடத்து வாந்திபேதி பரவியபின் அவ்விடத்தில் எழுந்தவையே. முழுப்பயணத்தையும் ஒருங்கே நோக்கி ஓர் அரசு திட்டமிட்டதைக் காண நாம் 1914வரை காத்திருக்கவேண்டும். அவ்வாண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார்த் துறைவரை புகையிரதப் பாதை முடிவுற்றது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபத்தில் முகாம், அங்கே மருத்துவச் சோதனை, கப்பல், மீண்டும் புகையிரதம், மலைநாட்டு நிலையம் என ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையே வெறுமையின்றிப் பாதை அமைந்தது. வழிச்சாவு ஏறக்குறைய ஒழிந்தது. இதனைப் பெரும்பேறு என மறுப்பின்றி ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் முகாமின் முதனோக்கம் நோய் இலங்கைக்குட் புகாதவாறு தடுப்பது. வருபவரின் வசதி அதன்பின் வந்தது.

அப்பாதை ஒருவழிப் பாதையுமன்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனத் தீர்மானமாயிற்று; எஞ்சிய ஒன்றரை இலட்சம்பேரின் நிலை பின்னர்ப் பேசப்படும் என விடப்பட்டது. இத்தொகைகள் இரு தலைநகரங்களுக்கிடையிற் பேசி முடிக்கப்பட்டவை. தோட்டத்து லயன்களில் எவரும் முதலிற் கேட்கப்பட்டிலர். இரு மாதங்கள் கழியுமுன், திசம்பர் 22, 23ஆந் தேதிகளில் எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்குத் திருப்பப்பட்டது. தாம் கண்டறியாத தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்ட பல்லாயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் தலைமன்னார்த் துறையிலேயே கப்பலேறின. மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றிவந்த புகையிரதத்தில் அழுகுரல் ஓயாதிருந்தமையால் அதற்கு அழுகைக் கோச்சி என மக்கள் பெயரிட்டனர். 1980ஆம் ஆண்டுகளில் இனப்போரின் தொடக்கத்தோடு கப்பல் நின்றது. 1990இன் பின் புகையிரதமும் இல்லாதாயிற்று. பாதை மீளமைக்கப்பட்டு 2015 மார்ச் 14இல் தலைமன்னாருக்கு மீண்டும் வண்டி வந்தது.

அரிப்பில் நோர்த்தின் மாளிகைச் சுவர்கள் சிலவேனும் எஞ்சியுள்ளன. நடைவழியில் மாண்டோருக்கு ஒரு கல்லும் நெடுங்காலம் நாட்டப்படவில்லை. 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு, அவர் வழித்தோன்றல்களும் பிறரும் யூலை 28ஆந் தேதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு அம்முன்னோர் சென்ற திசையிலேயே நடந்தனர். வழியிலுள்ள ஊர்களிற் சிங்களரும் தமிழரும் முசுலிம்களும் அவர்களை எதிர்கொண்டனர். இரவில் தங்க இடமும் பகலிற் குடிக்க நீரும் இம்முறை ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னரே ஒழுங்குசெய்யப்பட்டிருந்தன. பதினாறாம் நாள், ஓகத்து 12இல், அவர்கள் மாத்தளையை அடைந்தனர்.